அடிமரத்துப் புழு

அந்துப்பூச்சிகள் முட்டையிடும் கட்டால்பா மரத்தைப் புயல் முறித்துப் போட்டுவிட்டது. அதன் இலை தின்னும் புழுக்கள்தான் ஒடெலுக்குத் தூண்டில் இரை. சீக்கில் கிடந்த தங்கை வெர்டாவுக்கோ ஆற்றுமீன் தவிர எதுவும் தொண்டையில் இறங்காது.

மறுநாள் காலை, இலையே இல்லாத அடிமரத்தில் ஒரு புழு நெளிந்தது. ஒரு மீன் கிடைத்தது. தினமும் அப்படியே.

“உன் புழு கட்டையையா மேயுது?” என்று பக்கத்து வீட்டு ஹோலிஸ் சிரித்தார்.

“எதையோ மேயட்டும். என் தங்கச்சி சாப்பிடுறாளே, அது போதும் எனக்கு.”

வெர்டா எழுந்து நடந்த ஞாயிறன்று மூன்று புழுக்கள் இருந்தன. ஒடெல் மூன்று மீனையும் பொரித்து, புழு தந்தவருக்கும் சேர்த்து மூன்று தட்டு வைத்தாள். சகோதரிகள் இருவரும் கண்மூடிக் கர்த்தருக்கு நன்றி சொன்னார்கள்.

கண் திறந்தபோது மூன்றாம் தட்டில் முள் மட்டும் இருந்தது.

“வந்தவருக்கு வெறும் மீனையா வைப்பே?” என்றாள் வெர்டா. “சோள ரொட்டியும் வை, அக்கா.”