இரண்டாவது பதில்

“ரெண்டு பேர் பதில் சொல்றாங்க சார். ஒருத்தர் நம்ம ஆளு. இன்னொருத்தன் எவன்னு தெரியல.”

லேப்டாப் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள் அவள். பக்கத்தில் நின்ற தேர்வு அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ஹால் முழுக்க வரிசை வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். எல்லாத் திரையிலும் கறுப்பு. அதன் நடுவில் ‘கோப்பு கிடைக்கவில்லை’ என்று ஒரே ஒரு வரி.

வெளியே வராந்தாவில் தேர்வு எழுத வந்தவர்கள் ஹால் டிக்கெட்டால் விசிறிக்கொண்டு நின்றார்கள். கைக்குழந்தையோடு வந்திருந்த ஒருத்தி, குழந்தையைத் தன் அம்மாவிடம் கொடுப்பதும், அது வீறிட்டதும் திரும்ப வாங்குவதுமாக இருந்தாள்.

“எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா. ஆரம்பிக்க வேண்டிய நேரம் தாண்டிப் போச்சு. மேலிடத்துல இருந்து போன் மேல போன் வருது.”

“இந்த மிஷின் எதுலயும் ஹார்டு டிஸ்க் கிடையாது சார். ஆன் பண்ணதும், ‘நான் எங்க போய் எழும்பணும்?’னு ஒயர்ல கூவும். விலாசம் கொடுக்கறது உங்க பழைய சர்வர், அது ஒழுங்கா கொடுக்குது. வழி சொல்றதுக்குன்னு நாங்க கீழ தனியா ஒண்ணு வெச்சிருக்கோம், ப்ராக்ஸின்னு பேரு. இப்ப வேற ஏதோ ஒண்ணு அதை முந்திக்கிட்டுத் தப்பான வழியைக் காட்டுது. மிஷினுக்கு என்ன தெரியும்? முதல்ல யார் சொன்னாலும் நம்பிடும்.”

“செட்டிங்ல ஏதாவது விட்டுட்டீங்களா?”

“சான்ஸே இல்ல சார். ராத்திரி வீட்டுல ரெண்டு பழைய மிஷினை வெச்சு, லேப்டாப்பையே சர்வராக்கி ஒத்திகை பார்த்தேன். பட்டுனு எழும்பிச்சு. இது யாரோ வேணும்னே பண்ற வேலை.”

அதிகாரியின் முகம் வெளிறியது. “கொஸ்டின் பேப்பரைத் திருடவா?”

கடைசி வரிசையில் மேஜைக்கடியில் குனிந்து ஒயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த கொழுந்தனை ஒருமுறை பார்த்தாள். அவள் கல்யாணமாகி வந்தபோது அரை டிராயரோடு திரிந்தவன். ஒரு கம்ப்யூட்டரைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்குக் காட்டியதே அவள்தான். வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவள்தான்.

லேப்டாப்பிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு, அதைக் கையில் எடுத்துக்கொண்டு, கீழே சர்வர் ரூமுக்கு ஓடினாள். அங்கே எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. கதவைப் பூட்டும்போதே போன் அடித்தது.

“எழும்பிருச்சும்மா! முன் வரிசை மொத்தமும் எழும்பிருச்சு!” அதிகாரியின் குரலில் அழுகையும் சிரிப்பும் கலந்திருந்தன.

படியேறி மூச்சிரைக்க வந்து, பழைய இடத்தில் உட்கார்ந்து, லேப்டாப்பில் ஒயரைச் சொருகினாள். “அடுத்த வரிசையைப் போடு” என்றாள். கொழுந்தன் போட்டான். கறுப்புத் திரை. கோப்பு கிடைக்கவில்லை.

“சார், நான் கீழ போனப்ப ஹால்ல யார் இருந்தா?”

“நான் வாசல்ல நின்னேன். உள்ள உங்க ஆள் மட்டும்தான்.”

அவள் எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

“நான் அந்தப் பக்கம் போனதும் நிறுத்திடறே. வந்து உட்கார்ந்ததும் மறுபடி ஓட விடறே. அப்படித்தானே?”

அவன் விழித்தான். அவளையும் மேஜையையும் மாறி மாறிப் பார்த்தான். “அண்ணி, ஒரு நிமிஷம்...”

“என்னடா அண்ணி? முந்தாநாள், ‘இனிமே உங்களோட ஒரே ஆபீஸ்ல குப்பை கொட்ட முடியாது’ன்னு கத்திட்டு வேலையை விடறேன்னு லெட்டர் குடுத்தியே, அப்ப இந்த அண்ணி ஞாபகம் வரலியா? எல்லார் முன்னாடியும் திட்டிட்டேன்னுதானே இப்படிப் பழிவாங்கறே?”

“சத்தியமா இல்ல அண்ணி. நான் சொல்றதைக் கொஞ்சம்...”

“வாயைத் திறக்காத!”

அவன் பையைப் பிடுங்கித் தரையில் கவிழ்த்தாள். ஒரு குடை, சார்ஜர், தண்ணீர் பாட்டில், அவனுடைய லேப்டாப். பாட்டில் உருண்டோடியது. லேப்டாப்பைத் தொட்டுப் பார்த்தாள். அணைந்து, சில்லென்று கிடந்தது.

அதற்குப் பிறகும் அவளால் நிறுத்த முடியவில்லை. “வேற எங்கயோ ஒளிச்சு வெச்சிருக்கான் சார். பதில் சொல்ற அந்த விலாசம் இந்த ஹால் மிஷின் எதுக்கும் உரியது இல்ல. வெளியில இருந்து வந்தது.” வீட்டில் புருஷன் முகத்தில் எப்படி விழிப்பது?

“போதும்மா. இனிமே இது நம்ம கையில இல்ல.” அதிகாரி போனை எடுத்தார். “வாட்ச்மேன், கதவுகிட்ட நில்லு. இந்தப் பையன் வெளிய போகக் கூடாது. நான் போலீஸுக்குச் சொல்லிடறேன்.”

ஹாலுக்குள் சிக்னல் கிடைக்கவில்லை. போனை உயர்த்திப் பிடித்தபடி ஜன்னல் பக்கம் நடந்தார். வாட்ச்மேன் கதவைச் சாத்தினார். வராந்தாவின் இரைச்சல் சட்டென்று அடங்கியது.

கொழுந்தன் குனிந்து தன் சாமான்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். பாட்டில் அவள் மேஜைக்கடியில் போய் நின்றிருந்தது. அதை எடுக்க வந்து, அவள் காலடியில் மண்டியிட்டான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவனுடைய குரல் அவளுக்கு மட்டும் கேட்டது.

“அண்ணி, முந்திக்கிட்டுப் பதில் சொல்றது உங்க லேப்டாப்தான். ராத்திரி ஒத்திகைக்கு வெச்ச சர்வர் அதுல இன்னும் ஓடுது... அவர் திரும்பறதுக்குள்ள ஒயரைப் பிடுங்கிடுங்க.”