கேரட் புருஷன்

"நான் என்ன முயலா? காலையில கேரட்டு, மத்தியானம் கேரட்டு, ராத்திரிக்கும் கேரட்டு! பாருங்க, உள்ளங்கையெல்லாம் மஞ்சளடிச்சுக் கிடக்கு!"

தையல்காரம்மாவின் குரல் மூன்றாவது மாடியிலிருந்து தெருமுனைவரை கேட்டது. பின்னாலேயே டம்ளர் உருளும் சத்தம். தெருவே அவரவர் ஜன்னலில் ஆஜர்.

"கத்தாதே. இதைக் குடிச்சாத்தான் கண்ணு தேறும்" என்று கெஞ்சினார் அவள் புருஷன். மருந்துக்கடையில் வேலை பார்ப்பதால் தெருவுக்கு அவர் மருந்துக்கடைக்காரர். "உன் சர்க்கரைக்கு ஆஸ்பத்திரியிலயே எழுதிக் கொடுத்திருக்காங்க. எத்தனை தடவை படிச்சுக் காட்டுறது?"

எதிர்வீட்டு அக்காவுக்கு ஜன்னல் போதவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளேயே போய்விட்டாள்.

"ஏன்டி, இப்படி ஒரு புருஷன் கிடைக்க நீ என்ன புண்ணியம் பண்ணினியோ! எங்க வீட்டு மனுஷன் எனக்கு ஒரு வெங்காயம்கூட உரிச்சுத் தந்ததில்லை. டம்ளரை வீசுறியே, கை கூசலை?"

அக்கா சொன்னதுதான் தெருவின் தீர்ப்பும். தையல்காரம்மாவுக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. போன வருஷம் கண்ணுக்குள் கருப்புப் புள்ளிகள் மிதக்க ஆரம்பித்தன. ஊசியில் நூல் கோக்க முடியாமல், தையல் மிஷினைப் போர்வை போட்டு மூடிவிட்டாள்.

கண் ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். முடிவு தபாலில் வந்தது. இரண்டு பக்கக் கடிதம். அக்காவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மருந்துக்கடைக்காரர்தான் உரக்கப் படித்தார். கேரட், கீரை, பூசணி, மக்காச்சோளம் எல்லாம் நிறையச் சாப்பிட வேண்டும். அவற்றில் உள்ள நிறச்சத்து விழித்திரைக்கு நல்லது. வேறு வைத்தியம் இப்போதைக்கு வேண்டாம். பெரிய எழுத்தைக்கூடப் படிக்க முடியாத நிலையில், தையல்காரம்மா தலையாட்டினாள். அக்காவும் ஆட்டினாள்.

அன்றிலிருந்து மனுஷனுக்குக் காலையும் மாலையும் காய்கறிக்கடையே கதி. கடைக்காரி, புருஷன் போய் இரண்டு வருஷமானவள், அவருக்கென்று பிஞ்சுக் கேரட்டாகத் தனியே எடுத்து வைப்பாள். அரைக் கிலோ வாங்க முக்கால் மணி நேரம் ஆகும். பாவம், பெண்டாட்டிக்காக ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறார் என்று நாங்களெல்லாம் உருகிப்போனோம்.

டம்ளர் பறந்த மறுவாரம், ஒரு காலைப்பொழுதில், மருந்துக்கடைக்காரர் அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். மேஜையில் ஒரு தாள். அதன் மேல்பாதியை அவர் கை மறைத்திருந்தது.

"ஆஸ்பத்திரிப் பேப்பர்க்கா. இவளுக்கு இலவசமா கண்ணாடி தர்றாங்களாம். யாராவது கூட இருந்தா நல்லதுன்னுதான் கூப்பிட்டேன்."

பேனாவை நீட்டினார். தையல்காரம்மா அதை வாங்கவில்லை. ஊசி டப்பாவைத் துழாவித் தன் பேனா ஒன்றை எடுத்தாள். அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

"என்னடி இது, ஊதா மை?" என்றாள் அக்கா.

"விடுங்கக்கா, அவளுக்கு எந்த மைன்னு தெரியவா போகுது?" என்று சிரித்தபடியே தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார் மருந்துக்கடைக்காரர்.

மத்தியானமே காய்கறிக்கடைக்குப் பூட்டு. மூட்டை முடிச்சு ஏற்றிய வண்டியில் முன்னால் கடைக்காரி. அவளை ஒட்டிக்கொண்டு மருந்துக்கடைக்காரர். தெரு வாயைப் பிளந்து நின்றது. "அவங்க வீடு இனிமே எங்க வீடு. அதை வித்துத்தான் வெளியூர்ல புதுக்கடை போடப்போறோம்" என்று கடைக்காரி வாய் கொள்ளாத பெருமையோடு சொல்லிவிட்டுப் போனாள்.

அது தையல்காரம்மாவின் அப்பா மகள் பேருக்கு எழுதிவைத்த வீடு. அவளுக்கு இருந்த ஒரே பிடிமானமும் அதுதான். அக்கா மூன்று மாடியையும் மூச்சிரைக்க ஏறினாள்.

"மோசம் போயிட்டியேடி! நீ கையெழுத்துப் போட்டது ஆஸ்பத்திரிப் பேப்பர் இல்ல, வீட்டுப் பத்திரம்!"

மிஷின்மேல் இருந்த போர்வையைக் காணோம். தையல்காரம்மா ஒரு தலையணை உறைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்க்கா. முந்தாநாளே அவர் பையில பார்த்துப் படிச்சிட்டேன்."

"படிச்சியா? எதை வச்சு?"

"இடது கண்ணை வச்சு." மிஷினை நிறுத்தினாள். "நாலு மாசம் கேரட்டை நம்பி உட்கார்ந்திருந்தேன். வலது கண்ணு மொத்தமா போச்சு. அப்புறம்தான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு நானே ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரு தலையில அடிச்சுக்கிட்டாரு. 'கேரட்டும் கீரையும் நல்லதுதாம்மா, அது லேசருக்குப் பதிலாகுமா? ஒரு வாரத்துல வரச்சொல்லி ரெண்டாம் பக்கத்துல எழுதியிருந்தோமே'ன்னாரு. இடதை மட்டும் காப்பாத்திக் கொடுத்தாங்க."

அக்கா தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"அவ கடையை வித்துட்டாடி. இவர் வேலையை விட்டாச்சு. போற ஊர்ல நாளன்னைக்குக் கல்யாணமாம். எல்லாம் தெரிஞ்சும் எதுக்குடி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தே?"

தையல்காரம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"துணியில அளவுக்கோடு போடுற பேனாக்கா அது, ரெண்டு நாள்ல தானா மறைஞ்சிரும்."