மேசைக்காலடிக் காசு

காலை வெயில் சாய்ந்து விழுகிற மேசை மேல் இந்த மாதத்தின் ஐந்தாவது நாணய அட்டை பிரிக்காமலே கிடக்கிறது. ஆயிரமே ஆயிரம்தான் அடித்தார்களாம், பொன்னெழுத்தில் போட்டிருக்கிறது. போன மாதமும் அப்படித்தான் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்தாலே, நாணயம் சேகரிக்கிற பல் டாக்டருக்குக் கொட்டாவி வருகிறது. அவர் தரையில் குப்புறப் படுத்து, ஆடுகிற மேசைக்காலுக்குப் பன்னிரண்டு வருடமாக முட்டுக் கொடுத்த பழைய காசை உருவுகிறார். சொத்தைப் பல் தேடுகிற குட்டிக் கண்ணாடியை அதன்மேல் பிடிக்கிறார். ஒரு பக்கம் மழமழவென்று தேய்ந்திருக்கிறது. மறுபக்கம் யாரோ ஆணியால் மூன்று கோடு கீறியிருக்கிறார்கள். எதை எண்ணினார்களோ? நாட்களையா, பிள்ளைகளையா? மேலே, மனைவி கொண்டுவந்து மேசையில் வைக்கிற காபிக் கோப்பை தளும்புகிறது.

"என்னங்க, மேசை ஆடுது! அதை ஏன் புடுங்கினீங்க?" நாணயம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனைவியின் குரல்.

"இரு, இதுல என்னமோ கீறியிருக்கு." கண்ணை எடுக்காமலே கையை மட்டும் மேலே விட்டுத் துழாவி, புது அட்டையை அப்படியே எடுத்து மேசைக்காலடியில் செருகுகிறார். ஆட்டம் நிற்கிறது. கோப்பையை வைத்துவிட்டு அவளும் பக்கத்தில் வந்து உட்காருகிறாள்.

"எங்க, கண்ணாடியக் கொடுங்க."