உல்லன் சாக்ஸ்

குப்பை வண்டி தெருமுனை திரும்புவதற்குள் வினோலியா ஓடிப்போய் அந்தக் கறுப்புப் பையைப் போட்டுவிட்டாள். உள்ளே என்ன என்று வண்டிக்காரர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பாள்.

பைக்குள் இருந்தது ஒரு ஜோடி உல்லன் சாக்ஸ். அவள் கையால் பின்னியது.

நாகல் நகரில் அந்த வீட்டுக்கு நூல் பார்சல் வராத மாதமே கிடையாது. கணக்கு டீச்சரான வினோலியா பஸ்ஸில் பின்னுவாள், ஸ்டாஃப் ரூமில் பின்னுவாள், குக்கர் விசிலடிக்கக் காத்திருக்கும் நேரத்திலும் பின்னுவாள். எல்லாம் சாக்ஸ்தான். ஒரு ஜோடி முடிவதற்குள் அடுத்த நிறத்து நூலுக்குக் கை பரபரக்கும்.

"திண்டுக்கல் வெயில்ல உல்லன் சாக்ஸ் போடுற குடும்பம் நம்ம குடும்பம் ஒண்ணுதான். வெளிய சொன்னா சிரிப்பாங்க" என்பாள் மாமியார் அமலராணி. பீரோவுக்குள் சேலை வைக்க இடமில்லை என்று அவள் சத்தம் போட்டதில், நூல் பைகளெல்லாம் பீரோ உச்சிக்கு ஏறிவிட்டன.

அந்த அமலராணிக்கே ஒரு ஜோடி தேவைப்பட்டது. சர்க்கரையால் பாதம் மரத்துப்போய்விட்டது, வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். செருப்போடு வீட்டுக்குள் நடக்க அவளுக்கு மனசு ஒப்பவில்லை. வினோலியா மெரூன் நிறத்தில் சாக்ஸ் பின்னிக் கொடுத்தாள். முணுமுணுத்துக்கொண்டே மாட்டிக்கொண்டாள் மாமியார்.

புது டைல்ஸ் தரையில் அது வழுக்கும் என்பது வினோலியாவுக்குத் தெரியும். தானே போட்டுப் பார்த்து, விழப்போய், சுவரைப் பிடித்துத் தப்பியிருந்தாள். அடிப்பக்கம் ரப்பர் வைத்துத் தைத்துவிட வேண்டும் என்று நினைத்தாள். அதற்குள் நீல நிற நூல் வந்து சேர்ந்தது. அதில் அடுத்த ஜோடியை ஆரம்பித்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை மாமியாரின் காலில் சாக்ஸை மாட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். மத்தியானம் பக்கத்து வீட்டு தீபா போன் செய்தாள். அமலராணி விழுந்து கிடந்திருக்கிறாள். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது.

மாற்றுத் துணி எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வினோலியா வீட்டுக்கு வந்தபோது, சாக்ஸ் இரண்டும் பீரோவுக்குப் பக்கத்தில் கிடந்தன. தூக்கியவர்கள் கழற்றிப் போட்டிருப்பார்கள். கட்டிலுக்கு அடியில் நீல நூல் உருண்டை ஒன்றும் கிடந்தது. போட்டது போட்டபடி விட்டுப்போகும் தன் புத்தியை நொந்துகொண்டு அதை எடுத்துக் கைப்பைக்குள் திணித்தாள். இதுவும் சேர்ந்து அத்தையின் காலை இடறியிருக்குமோ என்று நினைத்தாள்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்த அமலராணி, மகன் ரொனால்டிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"தரையில தண்ணி கெடந்துச்சுப்பா. வழுக்கிருச்சு."

தன்னைக் காட்டிக்கொடுக்காமல் அத்தை காப்பாற்றுகிறாள் என்று வினோலியா நினைத்தாள். ஆனாலும் சாக்ஸ் விஷயத்தை அவள் கணவனிடம் சொல்லவில்லை.

தரை துடைப்பது முத்துப்பேச்சி. மறுநாள் வேலைக்கு வந்தவளை ரொனால்டு வாசலிலேயே நிறுத்தினான்.

"எங்கம்மா இனி எந்திரிச்சு நடப்பாங்களான்னே தெரியல. ஈரத்த அப்படியே விட்டுட்டுப் போயிருக்க. இனி வேலைக்கு வராத."

"நல்லாத் துடச்சு, ஃபேனப் போட்டுக் காயவச்சுட்டுத்தான் சார் போனேன்" என்றாள் முத்துப்பேச்சி. பிறகு வினோலியாவைப் பார்த்தாள். "டீச்சர், நீங்களாச்சும் சொல்லுங்க."

வினோலியா தலையைக் குனிந்துகொண்டாள். முத்துப்பேச்சி படியிறங்கிப் போன பிறகுதான் அந்தச் சாக்ஸைப் பையில் சுருட்டிக்கொண்டு குப்பை வண்டிக்கு ஓடினாள்.

அன்று ஸ்டாஃப் ரூமில் ஊசியைக் கையில் எடுத்தவளுக்கு ஒரு கண்ணிகூடப் போட முடியவில்லை. படியிறங்கிப் போன முதுகுதான் கண்ணுக்குள் நின்றது.

சாயங்காலம் கஞ்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ரெண்டு வாய் குடித்த அமலராணி கேட்டாள்.

"முத்துப்பேச்சி ஏன் இன்னும் எட்டிப் பாக்கல?"

"அவள வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்க அத்தை. தண்ணியத் துடைக்காமப் போயிட்டான்னு."

அமலராணி ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டாள். "அவ தலையிலயா விடிஞ்சுச்சு. இந்த வாய் பண்ண வேல."

வினோலியாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க யாருக்காகப் பொய் சொன்னீங்கன்னு எனக்குத் தெரியும் அத்தை. அந்தச் சாக்ஸ் வழுக்கும்னு முன்னாடியே தெரியும். தெரிஞ்சும் மாட்டிவிட்டுட்டுப் போனேன். இப்பவே அவர்ட்ட சொல்லிடுறேன். முத்துப்பேச்சி வீட்டுக்கும் போயி கூட்டிட்டு வாரேன்."

"இருத்தா. அவன்ட்ட நான் சொல்லிக்கிறேன்."

"எனக்காக இன்னும் எம்புட்டுத்தான் பொய் சொல்லுவீங்க அத்தை?"

"ஒனக்காக யாரு சொன்னா?"

அமலராணி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு, பக்கத்துக் கட்டில்காரிக்குக் கேட்காத குரலில் ஆரம்பித்தாள்.

"நீ பள்ளிக்கூடம் போன கையோட சாக்ஸக் கழட்டிட்டேன். பீரோ மேல கை எட்டச் சேர்ல ஏறுறதுக்கு அது தோதுப்படல. இம்புட்டு நாளும் ஒன்னயக் கேலி பேசிட்டு, எனக்கும் பின்னக் கத்துக்குடுன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்குறது?"

வினோலியா புரியாமல் பார்த்தாள்.

"ஒன் நூலத் திருடப் போயித்தான் விழுந்தேன்."