மூன்று வார்த்தை வேகம்

"மேடம், ஒண்ணு அவ ஓடணும், இல்ல நான் ஓடணும். ரெண்டு பேரும் சேர்ந்து ஓட முடியாது!"

ஜெயப்ரியா ஷூ லேஸைக்கூட அவிழ்க்காமல் பொரிந்து தள்ளினாள். கோச் மெட்டில்டா கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்சை நிறுத்தினார்.

"பரிதா இப்ப என்ன பண்ணினா?"

"பேசினா மேடம். பேசிக்கிட்டே இருக்கா. வண்டலூர் ஜூவில சிங்கம்கூடக் கத்திட்டு ஓஞ்சுடுது, இவ ஓய மாட்டேங்கிறா."

ஜெயப்ரியாவின் ஆத்திரத்தில் நியாயம் இருந்தது. ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு அடுத்த மாதம் தேர்வு. பெண்கள் ஐயாயிரம் மீட்டருக்கு ஒரே ஒரு இடம். வயது வரம்புப்படி அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. அந்த இடத்துக்குப் போட்டியே, அவளைவிடச் சின்னவளான பரிதாதான்.

வாரம் இரண்டு நாள் தாம்பரத்திலிருந்து முதல் ரயிலில் வந்து, வண்டலூர் கேளம்பாக்கம் சாலையில் 'த்ரெஷோல்ட்' பயிற்சி, அதாவது மூச்சு முட்டாத எல்லைவரை வேகமாக ஓடுவது. அதற்கு மெட்டில்டா வைத்திருந்த அளவுகோல் வாய்தான். ஓடும்போது மூன்று வார்த்தை பேச முடிந்தால் சரியான வேகம். வாயே திறக்க முடியாவிட்டால் அதிக வேகம். கதை பேச முடிந்தால் அது வெறும் உலாத்தல்.

நிற்காமல் இருபது நிமிடம் ஓடலாம். அல்லது துண்டு துண்டாக ஓடி, நடுநடுவே ஒரு நிமிடம் ஓய்வெடுக்கலாம். ஜெயப்ரியா எதைத் தேர்ந்தெடுத்தாலும் பரிதா, "எனக்கும் அதே" என்று ஒட்டிக்கொள்வாள்.

ஜெயப்ரியாவுக்கு எந்தப் பயிற்சியும் போட்டிதான். "ப்ராக்டிஸ்லயே ரேஸை ஓடி முடிச்சுடாதே" என்று மெட்டில்டா தலையில் அடித்துக்கொண்டும் கேட்டதில்லை. விர்ரென்று வேகம் பிடிப்பாள். அந்த நொடியே பக்கத்தில் ஆரம்பிக்கும்.

"அக்கா, எங்க சாச்சி வூட்டுக் கல்யாணத்துல ஒரு தேக்சா பிரியாணி காணாமப் போச்சுக்கா! யார் எடுத்திருப்பாங்க சொல்லு?"

"மாப்பிள்ளை... வீட்டுக்காரங்க... தானே?"

"அவங்க இல்ல! சமையல்காரர் அழுவுறார், சாச்சா கத்துறார், பொண்ணு பசியில மயக்கமா கீது. அப்புறம் இன்னா ஆச்சு தெரியுமா?"

"அப்புறம்... என்னடி... ஆச்சு?"

பதில் சொல்வதற்கே வேகம் குறைந்துவிடும். சொல்லாமலும் இருக்க முடியவில்லை. பாழாய்ப்போன பிரியாணி எங்கே போனது என்று தெரிந்தாக வேண்டுமே!

இதில் வேடிக்கை, ஓய்வு நிமிடத்தில் பரிதா வாயே திறக்க மாட்டாள். நிம்மதியாகப் பேசலாம் என்கிற நேரத்தில் தண்ணீர் பாட்டிலும் கையுமாக ஊமை மாதிரி நிற்பாள். வேண்டுமென்றேதான் செய்கிறாள், சதிகாரி!

"செலக்‌ஷன் முடியட்டும். அப்புறம் உன் புகாரைக் கேக்கறேன்," என்று மெட்டில்டா கையைக் கழுவிவிட்டார்.

அந்த நாளும் வந்தது. போன இரண்டு வருடமும் கடைசிச் சுற்றில் ஜெயப்ரியாவின் கால்கள் கைவிட்டிருந்தன. இந்த முறை கடைசிச் சுற்று மணி அடித்தபோது காலில் தெம்பு பாக்கி இருந்தது. அவளுக்கே ஆச்சரியம். பறந்தாள். முதலிடம்!

இரண்டாவதாக வந்து புல்லில் விழுந்த பரிதாவிடம் போனாள். ஜெயித்தவளுக்குப் பெருந்தன்மை பொங்கியது.

"என்னடி, இன்னிக்கு வாயே திறக்கல?"

"ரேஸ்ல எவளாவது பேசுவாளாக்கா? உசுரைக் குடுத்து ஓடினேன். அல்லா மேல சத்தியமா, விட்டுக் குடுக்கல."

"அப்ப ப்ராக்டிஸ்ல மட்டும் ஏன்டி என் உயிரை வாங்கின?"

"மெதுவா ஓடுன்னு மேடம் சொன்னா நீ கேக்கறியா? பிரியாணிக்குத்தான் கேட்ட."

ஜெயப்ரியா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. அத்தனை நாளும் அவள் மூன்று மூன்று வார்த்தையாகப் பதில் சொன்னாள். பரிதா கதை சொன்னாள்.

"அடிப்பாவி! அந்த வேகம் எனக்குத்தான்டி பயிற்சி. உனக்கு உலாத்தல். உன் ப்ராக்டிஸைக் கெடுத்துக்கிட்டா எனக்காக..."

"எனக்கு இன்னும் வருஷம் கீதுக்கா. உனக்குத்தான் இதோட வயசு முடியுது."

ஜெயப்ரியா அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். கண் நிறைந்தது. சொல்ல நினைத்தது எதுவும் வரவில்லை. கடைசியில் மூன்று வார்த்தைதான் வந்தது.

"பிரியாணியை... யாருடி... எடுத்தா?"

"எந்தப் பிரியாணி? எனக்குச் சாச்சியே கிடையாதுக்கா!"