உதட்டுக் கம்பி

சின்னச் சாமான் எதையும் தரையில் வைக்காமல் உதட்டில் கவ்விக்கொள்வது மெக்கானிக் இருதயராஜின் பழக்கம். போஜனின் பழைய பிக்கப்புக்குப் பின்பக்க ஆக்சிலைப் பிரித்துப் பூட்டி, பிரேக் லைனிங் மாற்றி, கடைசி நட்டை இறுக்கியபோதும் அப்படித்தான். நட்டு கழன்று சக்கரம் பிடுங்கிக்கொள்ளாமல் கோக்கவேண்டிய கம்பி உதட்டில் இருந்தது.

“இருதயம், பிள்ளைகளக் கூட்டிட்டு மலை எறங்குறேன். நம்பிப் போலாமா?” என்றார் போஜன்.

பதில் சொல்வதற்காகக் கம்பியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டான். “தைரியமா போங்கண்ணா. பிரேக்கு சும்மா கல்லு மாதிரி நிக்கும்.” சொன்ன கையோடு சக்கரத்தையும் மாட்டிவிட்டான்.

வண்டி போன பிறகு பீடிக்காகப் பையில் கைவிட்டபோது கம்பி விரலில் குத்தியது. போஜனுக்குப் போன் போட்டான். மணி பட்டறைக்குள்ளேயே அடித்தது. சார்ஜ் போட்ட இடத்திலேயே மனுஷன் மறந்திருந்தார். துரத்திப்போக, பட்டறையில் நின்ற இரண்டு வண்டிக்கும் சக்கரமில்லை. சரிவின் விளிம்புக்கு ஓடித் தொண்டை கிழியக் கத்தினான். வெகு கீழே நீல வண்டி கொண்டை ஊசி வளைவில் திரும்பியது. பின்விளக்கு சிவந்து அணைந்தது. பிரேக் அருமையாகப் பிடித்தது. பிறகு மரங்கள் மறைத்துக்கொண்டன.

அடுத்த வளைவையே பார்த்தபடி நின்றான். கம்பி எப்போது மறுபடி உதட்டுக்குப் போனதென்று அவனுக்குத் தெரியவில்லை.