மூத்தாருக்கு ஒரு சொல்

துருக்கிய மொழிகளுக்கெல்லாம் மூலமான பழைய மொழியில் அப்பாவை, அத்தையை, நாத்தனாரை என்னவென்று அழைத்தார்கள் என்பதையெல்லாம் மொழி ஆய்வாளன் தணிகைவேல் ஒருவழியாக மீட்டெடுத்துவிட்டான். கணவனின் அண்ணனுக்கான தனிச்சொல் மட்டும் அவன் தேடிய மொழி எதிலும் அகப்படவில்லை. மருமகள்கள் 'பெரியவர்', 'அந்தக் கூடாரத்துக்காரர்' என்று சுற்றி வளைத்தே பேசினார்கள். அந்தச் சொல் தெரிந்தவள் என்று எல்லோரும் கைகாட்டியது இந்தப் புல்வெளியில் தனிக் கூடாரத்தில் இருக்கும் சோதுராவைத்தான்.

"வேண்டாம் தம்பி. அவர் காதுல விழுந்துடும்."

"உங்க மூத்தார் செத்து எத்தனையோ வருஷம் ஆச்சுன்னீங்களே அக்கா?"

"செத்தா காது போயிடுமா?"

அவன் விடாமல் கெஞ்சினான். கடைசியில் ஒலிப்பதிவுக் கருவியை உதட்டருகே இழுத்து, அந்தச் சொல்லை ஒரே ஒரு முறை சொன்னாள்.

வெளியே கிடந்த நாய், எஜமானைக் கண்டதுபோல் செல்லமாக முனகியது. சோதுரா முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு மூன்றாவது கிண்ணத்தில் தேநீர் ஊற்றினாள். கூடாரத்துத் திரை விலகிய குளிர் தணிகைவேலின் முதுகில் பட்டது. இத்தனை மொழிகளிலும் பெண்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அவனுக்கு விளங்கியது.

"எழுந்திரிங்க தம்பி," என்றாள் சோதுரா, தரையைப் பார்த்தபடியே. "நீங்க உட்கார்ந்திருக்கறது அவர் இடம்."